அட்டை டைனோசரின் கழுத்து தொங்காமல் நிற்க எந்தப் பசை வாங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது பசையைப் பற்றி. ஆனால் நடந்ததை எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தால் கேள்வி வேறு என்று தெரிகிறது. நாலாவது படிக்கும் மகனும் நீங்களும் தண்டையார்பேட்டை வீட்டில் உட்கார்ந்து, பழைய பெட்டியை வெட்டி, மூன்றடி நீளத்துக்கு ஒரு நீளக்கழுத்து டைனோசர் செய்தீர்கள். ஒரே வாரத்தில் கழுத்து தொங்கிவிட்டது. பசை போதவில்லை என்று நினைத்து அடுத்த தடவை ஒரு டப்பா ஃபெவிகாலையே காலி செய்தீர்கள். அது முதலாவதைவிடச் சீக்கிரம் தொங்கியது. ஆக, ஏன் தொங்குகிறது என்பதுதான் கேள்வி. அதோடு, தமிழ்நாட்டு டைனோசர் ஏதாவது இருந்தால் அதையே செய்யலாம் என்று பையன் அடம்பிடிக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

நான் எருக்கஞ்சேரி பக்கம் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் 22 வருடம் வேலை பார்த்தவன். அட்டை எப்படி நிற்கும், எப்படிச் சரியும் என்பது எனக்குச் சோறு போட்ட விஷயம். அதில் நான் சொல்வதை நம்பி வெட்டலாம். டைனோசர் பற்றித் தெரிந்ததெல்லாம் பெண்ணுக்காகப் பொம்மை செய்ய ஆரம்பித்தபோது தேடிப் படித்தது. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். நான்தான் இன்னும் நிறுத்தவில்லை.

முதலில் பசை. வெள்ளைப் பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அட்டை என்பது காகிதம். தண்ணீர் பட்டால் காகிதம் துவளும். நீங்கள் கழுத்தின் மேல் காகிதத் துண்டுகளைப் பசையில் தோய்த்து நாலைந்து சுற்று ஒட்டியிருப்பீர்கள். அப்போது உள்ளே இருக்கும் அட்டை ஊறி, மேலே ஈரக் காகிதத்தின் கனமும் ஏறி, கழுத்து மெல்லக் கீழே போகும். போன இடத்திலேயே பசை காய்ந்து இறுகிவிடும். இரண்டாவது பொம்மை சீக்கிரம் தொங்கியதற்குக் காரணம் நீங்கள் அதிகம் போட்ட பசையேதான். அட்டைக்குப் பசை பாலாடை மாதிரி மெல்லியதாகப் படர்ந்தால் போதும். பழைய ஏடிஎம் கார்டால் இழுத்து வழித்து, ஒட்டி, மேலே இரண்டு புத்தகம் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். ஒட்டும்போது ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதல் பொம்மை ஒரு வாரம் நின்றுவிட்டுத்தானே தொங்கியது என்று கேட்பீர்கள். அது நம்ம ஊர்க் காற்றின் வேலை. அட்டை பகலில் காயும், ராத்திரி ஈரம் குடிக்கும். கனத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் அட்டை இப்படிக் காய்ந்து நனைந்து காய்ந்து நனைந்து வரும் ஒவ்வொரு சுற்றிலும் இம்மி இம்மியாக வளையும், வளைந்தது திரும்பாது. கம்பெனியில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். குடோனில் அடுக்கிய பெட்டி முதல் நாள் கல் மாதிரி நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அடிப்பெட்டி தொந்தி தள்ளிக்கொண்டிருக்கும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று கடலோரமாக இருக்கும் நமக்கு மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வேறு. அதனால் கழுத்து இன்றைக்கு நிற்கிறதா என்று பார்த்துச் செய்தால் போதாது. இன்றைக்குத் தேவையானதைவிட மூன்று நான்கு மடங்கு விறைப்பாகச் செய்தால்தான் தை மாசத்திலும் நிற்கும்.

அந்த விறைப்பு எங்கிருந்து வரும்? அட்டையின் திசையிலிருந்து. பெட்டி அட்டையை ஓரத்தில் பாருங்கள். இரண்டு தட்டைக் காகிதத்துக்கு நடுவே அலை அலையாக ஒரு காகிதம் ஓடும். அந்த அலையை நாங்கள் ஃப்ளூட் என்போம். ஒரு அலை வரிசை இருந்தால் த்ரீ ப்ளை, இரண்டு இருந்தால் ஃபைவ் ப்ளை. ஃப்ளூட் ஓடும் கோட்டின் மேலேயே அட்டையை மடக்கினால் பாய் மாதிரி சுருளும். ஃப்ளூட்டுக்குக் குறுக்கே மடக்கப் பாருங்கள், முரண்டு பிடிக்கும். பெட்டி செய்யும்போது ஃப்ளூட் எப்போதும் நெட்டுக்குத்தாக நிற்கும்படிதான் வெட்டுவோம். மேலே அடுக்கும் கனத்தை அந்தக் குழாய்கள்தான் தாங்குகின்றன. பொம்மைக்கும் இதுவேதான் கணக்கு. காலில் ஃப்ளூட் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். கழுத்திலும் வாலிலும் நீளவாக்கில் ஓட வேண்டும். நீங்கள் பெட்டியில் இடம் எங்கே கிடைத்ததோ அங்கே கழுத்தை வரைந்து வெட்டியிருப்பீர்கள். பழைய பொம்மையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் கழுத்தைப் பிரித்துப் பாருங்கள். கோடுகள் குறுக்கே ஓடுகின்றன என்று நூறு ரூபாய் பந்தயம் கட்டுகிறேன்.

அடுத்தது, அட்டையை எப்படி நிறுத்துகிறோம் என்பது. பையனிடம் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைக் கொடுங்கள். தட்டையாகப் பிடித்து நுனியில் ஒரு ரப்பரை வைத்தால் வளையும். அதே ஸ்கேலை ஓரம் மேலே பார்க்கும்படி திருப்பிப் பிடித்து ரப்பரைக் கட்டித் தொங்கவிட்டால் அசையாது. உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஆகவே கழுத்துக்குள் போகும் அட்டை ஸ்கேலைத் திருப்பிப் பிடித்த மாதிரி நெட்டாக நிற்க வேண்டும். தோள்பட்டைப் பக்கம் 7 செ.மீ. உயரம், தலைப் பக்கம் 2 செ.மீ. என்று சரிந்துகொண்டே போகட்டும். கனம் முழுக்கத் தாங்குவது தோள்பட்டைப் பக்கம்தான். நுனியில் தடிமன் வைப்பது வீண்.

காசிமேட்டில் கரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்கும் மரப்படகைப் பையனுக்குக் காட்டியிருக்கிறீர்களா? நடுவில் நீளமாக ஒரு அடிக்கட்டை, அதற்குக் குறுக்கே விலா விலாவாகக் கட்டைகள், அதன் மேல் பலகை. நீளக்கழுத்து டைனோசரை நான் அப்படித்தான் செய்கிறேன். தலை நுனியிலிருந்து வால் நுனி வரை பக்கவாட்டு உருவத்தை ஒரே அட்டையில் வெட்டுவேன். அதுதான் முதுகெலும்பு. ஃபைவ் ப்ளையில் இரண்டு வெட்டி ஒன்றோடொன்று ஒட்டினால் வருடக்கணக்கில் அசையாது. அப்புறம் உடம்புக்குக் குறுக்கே வட்டம் வட்டமாக ஏழெட்டு விலாத் துண்டுகள். வயிற்றில் பெரியது, கழுத்துப் பக்கம் சிறியது. ஒவ்வொன்றிலும் பாதி உயரத்துக்கு ஒரு பிளவு, முதுகெலும்பிலும் அதே இடத்தில் பாதி பிளவு; ஒன்றை ஒன்றில் செருக வேண்டியதுதான். பிளவின் அகலம் அட்டையின் தடிமனைவிட ஒரு மயிரிழை குறைவாக இருந்தால் பசையே இல்லாமல் கவ்வும். அகலமாக வெட்டிவிட்டால் எத்தனை பசை போட்டாலும் ஆடும். முதல் விலாவை வெட்டிச் செருகிப் பார்த்துவிட்டு மற்றதை வெட்டுங்கள். வெட்டுவதை நீங்கள் செய்யுங்கள். கட்டரில் புதுப் பிளேடு போட்டு, ஸ்கேல் வைத்து, அழுத்தாமல் மூன்று இழுப்பில். மழுங்கின பிளேடுதான் வழுக்கிக் கையில் ஏறும். பையனுக்கு வரைவது, செருகுவது, பெயின்ட் அடிப்பது என்று வேண்டிய வேலை இருக்கிறது.

மேல்தோலுக்குப் பெட்டி அட்டை வேண்டாம், கனம். ஸ்வீட் பாக்ஸ், துணிக்கடைச் சட்டைப் பெட்டி அட்டை போதும்; ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல் நிறமாக இருக்குமே, கடைகளில் டூப்ளெக்ஸ் என்று கேட்டால் தருவார்கள். அதை ஒரு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, மேஜை ஓரத்தில் இழுத்து வளைவு ஏற்றி, விலாவிலிருந்து விலாவுக்கு ஒட்டிக்கொண்டே போங்கள். அதன் மேல் செய்தித்தாள் துண்டு ஒரே சுற்று, பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து. ஒரு சுற்று முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. கண், புருவம், விரல் நகம் மாதிரி சின்னச் சின்ன மேடுகளுக்கு நம் பாட்டிமார் முறத்தையும் கூடையையும் மெழுகிய அதே கூழ்: ஊறவைத்த காகிதமும் ஊறவைத்த வெந்தயமும் சேர்த்து அரைத்தது. காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும். ஆனால் தலை முழுவதையும் கூழால் பிடிக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் தலை உருண்டையாக, கெட்டியாக இருக்கிறது. செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. கழுத்து நுனியில் 50 கிராம் வைப்பது தோளில் அரைக்கிலோ வைப்பதைவிட மோசம். தலை உள்ளே காலியாக, டூப்ளெக்ஸ் மடித்த சின்னப் பெட்டியாக இருக்கட்டும்.

மைதாப் பசை போடலாமா என்று யாராவது கேட்பார்கள். போடலாம், மலிவு, நன்றாகவே பிடிக்கும். பங்குனி சித்திரையில் மொட்டைமாடி வெயிலில் காயவைக்க முடிந்தால் அதைவிட நல்ல பசை இல்லை. மழைக்காலத்தில் போட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை பூக்கும், அப்புறம் கரப்பான் வரும். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தை கையாளும் பொம்மையில் வேண்டவே வேண்டாம்.

பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் ராத்திரி கடை கட்டும் நேரத்தில் போனால் நல்ல காய்ந்த பெட்டிகள் வெளியே கிடக்கும். பழக்கடை ஆப்பிள் பெட்டி இன்னும் உசத்தி, கெட்டியான அட்டை. ஒரு தடவை நனைந்து காய்ந்த பெட்டி வேண்டாம். விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டூப்ளெக்ஸும் கெட்டித் தாளும் தாள் கணக்கில் வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. நீங்கள் ஒரு தாள் கேட்டால் சில கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், அடுத்த கடைக்காரர் கொடுப்பார்.

சரி, பையனின் கேள்வி. தமிழ்நாட்டில் டைனோசர் உண்டா என்றால், உண்டு. ஆனால் அதைப் பொம்மையாகச் செய்வதில் ஒரு சிக்கல். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் 1987-இல் ஒரு பெயர் வைத்தார்கள்: புருகத்காயோசாரஸ். பெருத்த உடல் கொண்டது என்று பொருள். முதலில் ஊன் தின்னும் வகை என்றார்கள், பிறகு நீளக்கழுத்துத் தாவர உண்ணி என்று மாறியது. உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. நேரில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன, படங்கள்தான் மிச்சம். ஆகவே அதன் உருவம் என்று யார் எதைச் செய்தாலும் அது கற்பனை. பையன் செய்ய ஆசைப்பட்டால் செய்யட்டும், பக்கத்தில் ஒரு அட்டையில் அதையும் எழுதி வைக்கட்டும். பள்ளிக் கண்காட்சிக்கு வருகிற ஆசிரியர்களுக்குக் கேட்க ஒரு விஷயம் கிடைக்கும்.

என் யோசனை, பாராபாசாரஸ் என்ற நீளக்கழுத்து டைனோசர். தெலங்கானாக்காரன். பிராணஹிதா கோதாவரிப் பள்ளத்தாக்கில் குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள், ஏறக்குறைய 300, ஒன்றாகக் கிடைத்தன. 1975-இல் பெயர் வைத்தபோது தாகூரை நினைத்து பாராபாசாரஸ் தாகோரெய் என்று வைத்தார்கள். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வங்காளியில் ‘பர பா’ என்றால் பெரிய கால். தொடை எலும்பு மட்டும் 1.7 மீட்டர், என் உயரத்தைவிட இரண்டு அங்குலம் அதிகம். மொத்த நீளம் சுமார் 14 மீட்டர். நம் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டியில் மூன்றில் இரண்டு பங்கு என்று பையனுக்குச் சொல்லுங்கள், சட்டென்று புரியும். அதை 15-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 93 செ.மீ.; நீங்கள் செய்த அதே மூன்றடி. தொடை எலும்பு 11 செ.மீ. சொச்சம் வரும்.

இதில் எது உறுதி, எது ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண் மாதிரி நின்றது உறுதி. ஓணான் மாதிரி பக்கவாட்டில் அகட்டி வைக்காதீர்கள். வால் தரையில் இழுபடவில்லை என்பதும் அனேகமாக உறுதி. காலடித் தடங்கள் கிடைத்த இடங்களில் வால் இழுத்த கோடு அபூர்வம். பழைய படப் புத்தகங்களில் வால் தரையில் கிடக்கும், அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். தலை ஊகம். பாராபாசாரஸின் மண்டையோடு கிடைக்கவில்லை, சில பற்கள்தான். எனவே சொந்தக்கார டைனோசர்களைப் பார்த்துத் தலை வைப்பதுதான் வழக்கம். கழுத்தை எவ்வளவு தூக்கிப் பிடித்தன என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை. தரைக்கு இணையாக நீட்டியது என்கிறார்கள் சிலர், நிமிர்த்தியது என்கிறார்கள் சிலர். நான் அட்டைக்காரன், எனக்கு வசதியான பக்கம் சேர்ந்துகொள்கிறேன்: நேராக நீட்டினால் கழுத்துக்குச் சுமை அதிகம், தூக்கினால் குறைவு. பாதி தூக்கி வையுங்கள், யாரும் தப்பு சொல்ல முடியாது. நிறம் முழுக்க உங்கள் பையன் இஷ்டம். சீனாவில் கிடைத்த சைனோசாராப்டெரிக்ஸ் என்ற சின்ன இறகு டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்ததென்று 2010-இல் இறகுப் படிவத்தில் மிஞ்சிய நிறமித் துகள்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பாராபாசாரஸுக்கு அப்படி எந்தச் சாட்சியமும் இல்லை. பச்சைதான் அடிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

அடுத்த தடவை ஆறடியில் செய்யலாம் என்று பையன் கட்டாயம் கேட்பான். அப்போது இதை நினைவில் வையுங்கள். அதே அட்டையில், உள்ளே காலியாக, எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினால் கனம் நான்கு மடங்காகும். கழுத்தும் இரண்டு மடங்கு நீளம் என்பதால் தோளில் இழுக்கும் இழுப்பு எட்டு மடங்கு. உள்ளே திணித்துச் செய்தால் கனமே எட்டு மடங்கு, இழுப்பு பதினாறு. மூன்றடியில் நின்ற அமைப்பு ஆறடியில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நான் ஒரு தடவை எதிர்பார்த்து ஒரு மாச வேலையைக் குப்பையில் போட்டேன்.

இன்னொன்றும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கட்டில் மேல் சாமான்களை ஏற்றும் அவசரத்தில் மூலையில் நின்ற பாராபாசாரஸை மறந்துவிட்டேன். தண்ணீர் அதன் பாதம் வரைதான் வந்தது. ஆனால் காலில் ஃப்ளூட் நெட்டுக்குத்தாக நிற்கிறதே, அத்தனையும் விளக்குத்திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றியிருக்கிறது. காலையில் பார்த்தால் தொடை வரை ஈரம், நாலு காலும் மடங்கி கோயில் யானை மாதிரி மண்டி போட்டிருந்தது. கழுத்து மட்டும் அப்படியே நிமிர்ந்து நின்றது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். அதிலிருந்து பாதத்தின் வெட்டு ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து உருக்கி அடைத்துவிடுகிறேன், அதன் கீழே தண்ணீர் கேன் மூடி ஒன்று ஒட்டுகிறேன். வெளியே மட்டும் வார்னிஷ் அடித்தால் போதாது. வயிற்றை மூடுவதற்கு முன்னால் உள்ளேயும் ஒரு கை அடித்துவிடுங்கள், ஈரம் உள்பக்கமாகத்தான் ஏறும். வார்னிஷ் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், பையன் பக்கத்தில் வேண்டாம்.

கடைசியாக, பள்ளிக்கு எடுத்துப் போவது. மூன்றடிப் பொம்மையோடு ஷேர் ஆட்டோவில் ஏற முடியாது, ஏறினாலும் முழுசாக இறங்காது. முதுகெலும்பைத் தோளிலும் இடுப்பிலும் வெட்டி, கழுத்தையும் வாலையும் கழற்றிச் செருகும்படி வையுங்கள். உடம்புக்குள் 8 செ.மீ. ஆழத்துக்கு ஒரு அட்டை உறை, கழுத்து அடியில் அதே அளவு நாக்கு. நாக்கு உறைக்குள் இறுக்கமாகப் போக வேண்டும், ஒட்ட வேண்டாம். வாலைக் கழுத்தைவிடக் கொஞ்சம் கனமாகச் செய்திருந்தால் இரண்டும் தராசு மாதிரி ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். போதவில்லை என்றால் வாலின் அடிப்பகுதியில் இரண்டு ஐந்து ரூபாய் நாணயம் ஒட்டுங்கள். பள்ளியில் மாட்டும்போது முதலில் வால், பிறகு கழுத்து. பையன் அவசரத்தில் கழுத்தை முதலில் செருகினால் பொம்மை மூக்குக் குத்திக்கொண்டு விழும்.